தங்கை வீட்டு மருத்துவ அட்டை

மார்பரி
மே 14, 2000

அன்புள்ள வெர்லீன் அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம். டெக்ஸ்டருக்கு மட்டும் முதுகுவலி. கோழி ஆலையில் எட்டு மணி நேரம் நின்றால் யாருக்குத்தான் வலிக்காது? நீயும் ஆர்லிஸ் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? டெஸ்ஸாவுக்கு இளைப்பு குறைந்திருக்கிறதா? மரமெல்லாம் பூத்து மஞ்சள் தூளாகக் கொட்டுகிற மாதம் இது. எனக்கு அவள் நினைப்பாகவே இருக்கிறது.

ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் பேச ஆரம்பித்தால் பத்து நிமிஷத்தில் சண்டை வந்துவிடுகிறது, அதற்கும் தொலைதூரக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. கடிதத்தில் சண்டை போட்டால் பதில் வருவதற்குள் பாதி ஆறிவிடும் என்று நீதானே சொன்னாய்.

விஷயம் இதுதான். பிள்ளைகளுக்கு மாநில அரசு கொடுக்கிற மருத்துவ இன்ஷூரன்ஸ் எங்களுக்குக் கிடைத்துவிட்டது! எங்கள் பையன் கோடிக்கு ஒன்று, பெண் ஷானாவுக்கு ஒன்று என்று பெயர் போட்டுத் தனித்தனி அட்டை. ரொம்ப ஏழையும் இல்லாமல், சொந்தமாகக் கட்டவும் முடியாமல் நடுவில் தவிக்கிற நம்மைப் போன்றவர்களுக்குத்தானாம். நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடச் சமையலறையில் ஒருத்தி சொல்லித்தான் போனேன். ஒரு வருஷத்துக்குச் செல்லும். அப்புறம் சம்பளத்தைப் பார்த்துப் புதுப்பிப்பார்களாம்.

கோடிக்குக் கண்ணாடி போட்டாயிற்று. போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனவன் திரும்பி வந்து, "அம்மா, எங்க டீச்சருக்கு மீசை இருக்கும்மா!" என்கிறான். இத்தனை நாள் அது கூடத் தெரியாமல் படித்திருக்கிறான் பாவம். ஷானாவுக்குப் பல் சுத்தம் செய்து இரண்டு சொத்தையை அடைத்தார்கள். பல் டாக்டரிடம் இருக்கிற நாற்காலி சாய்கிறது, நிமிர்கிறது, சுற்றுகிறது. வெளியே வரும்போது நான் பர்ஸைத் திறந்தேன். கவுண்டரில் இருந்த பெண், "அட்டை இருக்குல்ல, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீயும் டெஸ்ஸாவுக்கு விண்ணப்பம் எழுதிப் போடு. இன்ஹேலர் எல்லாம் இதில் வரும். மூன்றாவது பக்கத்துக்கு வந்துவிட்டேன், நிறுத்துகிறேன். எல்லோருக்கும் எங்கள் அன்பு.

உன் தங்கை,
ரோண்டா

*

கேன் ஃபோர்க்
ஜூன் 25, 2000

அன்புள்ள ரோண்டா,

உன் கடிதம் வந்தது. இங்கே உயிரோடு இருக்கிறோம். அத்தான் மரம் ஏற்றுகிற லாரிக்குத்தான் உடம்பு சரியில்லை. டெக்ஸ்டர் முதுகுக்குக் கற்பூரத் தைலம் தடவச் சொல்.

நீ சொன்னாயே என்று மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். நல்ல ஜாக்கெட் போட்டுக்கொண்டு, தலை சீவிக்கொண்டு போனேன். முடி வெட்டிப் பிழைக்கிறவள் பரட்டைத் தலையோடு போகக்கூடாது அல்லவா? கவுண்டரில் ஒரு சின்னப் பெண். சம்பள விவரமெல்லாம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்குங்க. உங்க வருமானத்துக்குக் கெடைக்கும்" என்றாள். அப்புறம், "புள்ளைக்கு இப்ப இன்ஷூரன்ஸ் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

நானும் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏன் இல்லாம? எஸ்டில் அண்ணன்கிட்ட பாலிசி எடுத்து ஒரு மாசம் தவறாம கட்டிட்டு வர்றோம்!" என்றேன். பொறுப்பான தாய் என்று எழுதிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"அப்ப முடியாதுங்களே" என்றாள்.

ஏற்கெனவே இன்ஷூரன்ஸ் இருக்கிற பிள்ளைக்கு இது கிடையாதாம். வேலை போய் இன்ஷூரன்ஸும் போயிருந்தால் பரவாயில்லையாம். நாமாகவே விட்டிருந்தால் ஆறு மாதம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு வர வேண்டுமாம்.

அந்தப் பாலிசி லட்சணம் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தால்தான் காசு கொடுப்பான். இன்ஹேலர், டாக்டர், கண், பல் எதற்கும் ஒரு பைசா கிடையாது. டெஸ்ஸா இரண்டு தடவை இழுக்க வேண்டிய இன்ஹேலரை ஒரு தடவை இழுக்கிறாள். எட்டு வயதில் அவளுக்கே சிக்கனம் தெரிந்துவிட்டது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டினவளுக்கு ஒன்றுமில்லை. ஒரு நாளும் கட்டாதவளுக்குச் சுற்றுகிற நாற்காலி.

உன் மேல் கோபமில்லை. ஆனால் பொறாமையாக இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அம்மா அடுப்பிலிருந்து பிஸ்கெட் எடுக்கும்போது பெரியது எப்போதும் உன் தட்டில்தான் விழும். அது இன்னும் நிற்கவில்லை.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

வெர்லீன்

*

மார்பரி
ஜூலை 9, 2000

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். உன் கடிதம் படித்ததிலிருந்து எனக்கு மட்டும் மனசு சுகமில்லை. டெஸ்ஸா எப்படி இருக்கிறாள்? இன்ஹேலரை ஒழுங்காக இழுக்கச் சொல்.

அந்தச் சட்டம் எழுதினவன் யாரோ, அவன் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நாளும் மூச்சு முட்டியிருக்காது. ஆனால் நீ மனசு விடாதே. கட்டில் பாலிசியாக இருந்தாலும் பாலிசி பாலிசிதான். உனக்கு ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வந்தது, எனக்கு வரவில்லை. இத்தனை வருஷமும் கோடிக்கு உடம்பு சுட்டால் நான் கடவுளைக் கூப்பிடுவேன், நீ எஸ்டில் அண்ணனைக் கூப்பிடுவாய்.

போன வாரம் ஷானா தெருவில் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாள். நேரே டாக்டரிடம் போய்விட்டோம், யோசிக்கவே இல்லை. அப்படி யோசிக்காமல் போவது எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா? சரி, இதை எழுதியிருக்கக் கூடாது. ஆனால் எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும்.

அவசரப்பட்டு ஒன்றும் செய்துவிடாதே. உன் கோபம் எனக்குத் தெரியும்.

அன்புடன்,
ரோண்டா

*

கேன் ஃபோர்க்
செப்டம்பர் 17, 2000

அன்புள்ள ரோண்டா,

பதில் எழுதத் தாமதம். பீன்ஸ் பறித்து ஜாடியில் போடுகிற வேலை. உங்கள் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறதா? ஷானாவின் முழங்கை ஆறியிருக்கும். பத்து டாக்டர்கள் பார்த்திருப்பார்களே.

நான் நிறுத்திவிட்டேன். இந்த மாதம் எஸ்டில் அண்ணனிடம் கட்டவில்லை. தீவனக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற அவர் ஆபீசுக்குப் போய், "இனிமே நான் வரமாட்டேண்ணே" என்றேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வெர்லீனு, புள்ளைக்கு நெஞ்சு சரியில்லைன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?" என்றார். தெரிந்துதான் என்றேன். ரத்து என்று எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. இந்த ஊரில் யார் போடுகிறார்கள்? கட்டுவதை நிறுத்தினால் அது தானே சாகும்.

மார்ச் முடிந்தால் ஆறு மாதம் ஆகிவிடும். ஏப்ரலில் எனக்கும் அட்டை. அத்தான் இரண்டு நாள் லாரியடியிலேயே கிடந்தார். மூன்றாம் நாள், "நீ எது செஞ்சாலும் சரி. புள்ள உசிர வச்சு சூதாடாத" என்றார். சூதாடவில்லை. அவளை மரம் ஏற விடுவதில்லை, இருமுகிற பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்புவதில்லை. வீட்டில் விறகு அடுப்பை அணைத்துவிட்டு மின்சார அடுப்பு வைத்திருக்கிறேன். ஆறு மாதம் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்துக்கொண்டால் போதும்.

ஞாயிறு சபையில் வேண்டுதல் கேட்டபோது கை தூக்கி, "சொல்லாத வேண்டுதல்" என்றேன். விவரம் கேட்காமல் எல்லோரும் தலை குனிந்து ஜெபித்தார்கள். நம் சபையில் எனக்குப் பிடித்த வழக்கம் அது ஒன்றுதான்.

நீ யாரிடமும் சொல்லாதே.

வெர்லீன்

*

மார்பரி
செப்டம்பர் 26, 2000

அன்புள்ள அக்கா,

சுகம். அங்கே அனைவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

உன் முடிவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொன்னால் கேட்பாயா?

எஸ்டில் அண்ணன் இன்னும் அதே ஆபீசில்தான் இருக்கிறாரா? அந்த ஆபீசின் தபால் எண் பழைய எண்தானா? சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் நமக்குப் பெப்பர்மின்ட் கொடுப்பாரே. திடீரென்று ஞாபகம் வந்தது, ஒரு கார்டு போடலாம் என்று.

இன்னொரு செய்தி. நெடுஞ்சாலை மோட்டலில் சனி, ஞாயிறு சலவை வேலை கிடைத்திருக்கிறது. படுக்கை விரிப்பு துவைத்து மடிக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வருகிறதே, கைச்செலவுக்கு ஆகும்.

டெஸ்ஸாவை நான் கேட்டதாகச் சொல்.

ரோண்டா

*

கேன் ஃபோர்க்
டிசம்பர் 20, 2000

அன்புள்ள ரோண்டா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். டெக்ஸ்டருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். நாங்கள் சுகம். டெஸ்ஸாவுக்கு இதுவரை ஒரு தும்மல் கூட இல்லை, கண்பட்டுவிடாமல் மேசையைத் தட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

உன் பார்சல் வந்தது. டெஸ்ஸாவுக்கு நீ அனுப்பிய சிவப்புக் கோட்டு ரொம்ப அழகு. அவளுக்கு அதைக் கழற்ற மனசில்லை, அதோடுதான் தூங்குகிறாள். நான் அனுப்பியது ஒரு ஜாடி பீன்ஸும், ஆப்பிள் அடுக்குக் கேக்கும். என்னால் அவ்வளவுதான் முடிந்தது. நீ அப்படி விலை போட்டு வாங்கியிருக்க வேண்டாம்.

சலவை வேலையில் நல்ல காசு போலிருக்கிறது. பிள்ளைகளுக்கு அட்டை, உனக்கு இரண்டு சம்பளம். அடுத்து என்ன, டெக்ஸ்டருக்கு மீன்பிடிப் படகா? நேற்று முடி வெட்ட வந்த லூட்டியிடம் இதைச் சொன்னேன். "ஒன் தங்கச்சிக்கு யோகந்தான்டி" என்றாள். அவள் முன்மயிரைக் கொஞ்சம் கோணலாக வெட்டிவிட்டேன். வேண்டுமென்றே இல்லை.

இன்னும் மூன்று மாதம்.

வெர்லீன்

*

மார்பரி
பிப்ரவரி 4, 2001

அன்புள்ள அக்கா,

சுகமா? கேக்குக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம், பதில் இல்லை. ஜனவரி நடுவில் இன்னொன்று, அதற்கும் இல்லை. ஃபோன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

டெஸ்ஸா எப்படி இருக்கிறாள்? வேறு எதுவும் எழுத வேண்டாம், அதை மட்டும் எழுது. ஏதாவது நடந்திருந்தால் என்னிடம் சொல்லலாம் அக்கா. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லமாட்டேன்.

ரோண்டா

*

கேன் ஃபோர்க்
பிப்ரவரி 16, 2001

அன்புள்ள ரோண்டா,

எல்லோரும் நலம். ஜனவரி முழுக்கப் பனி. தபால்காரர் எங்கள் பள்ளத்தாக்குக்குள் வரவே இல்லை. மர லாரியின் பாட்டரி செத்துப்போய் அத்தான் இரண்டு வாரம் வீட்டிலேயே இருந்தார்.

டெஸ்ஸாவுக்குக் கொஞ்சம் சளி பிடித்தது. இப்போது நன்றாக இருக்கிறாள். உன் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோழிகளைத் துரத்துகிறாள்.

கவலைப்படாதே. ஏப்ரலுக்கு அதிக நாள் இல்லை. எல்லோருக்கும் அன்பு.

வெர்லீன்

*

கேன் ஃபோர்க்
ஏப்ரல் 5, 2001

ரோண்டா,

நீ சுகமாகத்தான் இருப்பாய், அதனால் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனேன். அதே ஜாக்கெட், அதே கவுண்டர், அதே பெண். "ஆறு மாசம் முடிஞ்சிருச்சு" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஃபோன் போட்டுப் பேசிவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னங்க இது, பாலிசி ஓடிக்கிட்டேதான இருக்கு? ஒரு மாசம் கூட விடலையே" என்றாள். நான் பொய் சொல்ல வந்தவள் என்று நினைத்துவிட்டாள். பின்னால் வரிசையில் ஆறேழு பேர், எல்லோரும் என்னிடம் முடி வெட்டிக்கொள்கிறவர்கள்.

நேரே எஸ்டில் அண்ணனிடம் போனேன். ஐந்து நிமிஷம் பென்சிலைச் சீவினார். அப்புறம், "ஒன் தங்கச்சி மாசா மாசம் மணியார்டர் அனுப்பிச்சுது. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு" என்றார்.

நீ யார் என் பாலிசிக்குக் கட்ட? உன்னிடம் நான் கேட்டேனா? ஆறு மாதம் அந்தப் பிள்ளையை வெளியே விடாமல் வைத்திருந்தேன். ஒரு பிறந்தநாள் விழாவுக்கு அனுப்பவில்லை. அடுப்புக்கு விறகு இருந்தும் மின்சாரத்துக்குக் கொட்டிக் கொடுத்தேன். அத்தனையும் வீண்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றுகிறது. நம் இருவரில் அட்டை வைத்திருக்கிறவள் நீ ஒருத்தியாகவே இருக்க வேண்டும். எனக்கும் வந்துவிட்டால் உனக்கு என்ன பெருமை மிச்சம்? மறுபடி முதலிலிருந்து ஆறு மாதம் இருக்கச் சொல்கிறாள் அந்தப் பெண். நீ நன்றாயிரு.

வெர்லீன்

*

மார்பரி
ஏப்ரல் 15, 2001

அன்புள்ள அக்கா,

நீ கேட்காவிட்டாலும் நான் கேட்கிறேன். சுகமா? டெஸ்ஸா சுகமா?

ஆமாம், நான்தான் கட்டினேன். உன்னிடம் சொன்னால் வாங்கமாட்டாய், திட்டுவாய், எஸ்டில் அண்ணனிடம் போய் அங்கேயே கையெழுத்துப் போட்டு ரத்து செய்துவிடுவாய். அதனால் சொல்லவில்லை. ஏப்ரலில் உனக்கு இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கட்டினேன். நீ என்னைத் திட்டுவது எனக்குப் பழக்கம். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது எனக்குப் பழகாது.

நீ அவ்வளவு பெரிய கடிதத்தில் ஜனவரியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எனக்குத் தெரியும் அக்கா. உதடு நீலம் பாரித்து, பனியில் வண்டி கிளம்பாமல், அத்தான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பிரதான சாலை வரைக்கும் ஓடினாராம். நாலு நாள் ஆக்ஸிஜன். ஆஸ்பத்திரியில் நீ "இன்ஷூரன்ஸ் இல்லை" என்று சொல்லிவிட்டு பில்லைப் பார்க்கப் பயந்து உட்கார்ந்திருந்தாயாம். ஞாயிறு சபையில் கை தூக்கி "சொல்லாத வேண்டுதல்" என்றாயாம். எஸ்டில் அண்ணன் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாலிசியைக் காட்டிவிட்டு எனக்கு ஃபோன் செய்தார். பில் ஏன் வரவில்லை என்று நீ இத்தனை நாள் என்னதான் நினைத்தாய்? என்னிடம் நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். சளி என்று எழுதினாய்.

நீ சொன்ன பெருமைக் கதை முழுப் பொய்யும் இல்லை. நான் முதலில் எழுதிய கடிதம் ஞாபகம் இருக்கிறதா? மூன்று பக்கம். உனக்குத் தெரிய வேண்டியது ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதி இரண்டு பக்கமும் உனக்கு வயிறு எரியட்டும் என்றுதான் எழுதினேன். உன்னிடம் சொந்த வீடு, சொந்தத் தொழில், தவறாமல் கட்டுகிற பாலிசி. என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால், "நாங்க இன்ஷூரன்ஸ் கட்டுறோம்பா" என்று ஒரு மாதிரி சொல்வாயே, அந்தக் குரலை நான் வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். முதல் தடவையாக உன்னிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. நாற்காலி சுற்றியது வரைக்கும் எழுதினேன். அதைப் படித்து நீ பிள்ளையை இன்ஷூரன்ஸ் இல்லாமல் விட்டுவிட்டாய். என் பேச்சால் நடந்ததற்கு நான் கட்டினேன். அவ்வளவுதான்.

இந்த மாதமும் கட்டியாயிற்று. நீயாக மறுபடி கட்டுகிறவரை கட்டுவேன். திட்டு, பரவாயில்லை.

ரோண்டா

*

மார்பரி
மே 27, 2001

வெர்லீன் அண்ணிக்கு,

நலம். நீங்களும் ஆர்லிஸும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டெக்ஸ்டர் எழுதுகிறேன். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, இராணுவத்தில் இருந்தபோது அம்மாவுக்கு இரண்டு எழுதியிருக்கிறேன். ரோண்டாவுக்குத் தெரியாது. தெரிந்தால் எனக்குச் சோறு இல்லை.

நீங்கள் அவளுக்குப் பதில் போடவில்லை. அது உங்கள் விஷயம். ஆனால் இது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் அட்டை போய்விட்டது. இந்த மாதம் புதுப்பிக்கப் போனோம். சம்பளம் கூடிவிட்டது என்றார்கள். என் சம்பளம் கூடவில்லை. அவளுடைய சலவை வேலைதான். அந்தக் காசு ஒரு மாதம் கூட வீட்டுக்கு வந்ததில்லை, நேரே எஸ்டிலுக்குப் போகிறது. கோட்டுக்கு மட்டும் ஒரு வாரத்துக் கூலி போயிற்று. நான் அவளிடம், "சலவைய மறைச்சிரு, யாரு கேக்கப் போறா?" என்றேன். "புள்ளைங்க அட்டைக்குப் பொய் சொல்லமாட்டேன்" என்றாள்.

கவுண்டரில் இருந்தவர் நல்ல மனுஷன். "சலவைய விட்டுட்டு வாங்க, அடுத்த மாசமே திரும்பக் குடுத்துடலாம். உங்களுக்கு ஆறு மாசமெல்லாம் கெடையாது" என்றார். அவள் விடமாட்டேன் என்கிறாள். "நான் விட்டா டெஸ்ஸாவுக்கு யாரு கட்டுவா? அக்கா கட்டமாட்டா, அவளுக்கு ரோஷம்" என்கிறாள். கோடி கண்ணாடியின் கால் உடைந்து டேப் போட்டு ஒட்டியிருக்கிறான். ஷானாவுக்குக் காது வலி, டாக்டரிடம் இன்னும் போகவில்லை.

நான் அவளோடு சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். உங்கள் வீட்டுப் பெண்களோடு சண்டை போட்டு ஜெயித்தவன் கிடையாது.

டெக்ஸ்டர்

*

கேன் ஃபோர்க்
ஜூன் 10, 2001

அன்புள்ள ரோண்டா,

எல்லோரும் சுகம். உண்மையாகவே சுகம், இந்தத் தடவை சளி என்று எழுதிவிட்டு வேறொன்றை மறைக்கவில்லை. ஷானாவின் காதுக்கு வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டு, பஞ்சு வைத்து, நாளைக் காலையிலேயே டாக்டரிடம் போ. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. டெக்ஸ்டருக்குச் சோறு போடு.

உன் அட்டை போன செய்தி படித்ததும் எனக்கு முதலில் என்ன ஆயிற்று தெரியுமா? இனித்தது. ஒரு நிமிஷம், அவ்வளவுதான். "இப்போது பாலிசி இருக்கிறவள் நான், இல்லாதவள் அவள்" என்று மனசு கணக்குப் போட்டது. கடிதத்தை மடித்துவிட்டு நின்றேன். கொல்லையில் டெஸ்ஸா அந்தச் சிவப்புக் கோட்டோடு கோழித் தடுப்பின் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தாள். ஜூன் மாதத்தில் எதற்கடி கோட்டு என்றால் கேட்கமாட்டாள். அவள் கத்துகிற கத்தலுக்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்று யோசித்தேன். உள்ளே வந்து உட்கார்ந்து அழுதேன். ஜனவரியில் கூட அப்படி அழவில்லை.

எஸ்டில் அண்ணனிடம் போய் இந்த மாதத்துக்கு நானே கட்டிவிட்டேன். இனியும் நானே கட்டுவேன். நீ அனுப்புகிற மணியார்டரைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அவரும் தலையாட்டியிருக்கிறார். இத்தனை மாதம் கட்டாமல் மிச்சம் பிடித்ததில் பாதி லாரிக்குப் போயிற்று. மீதி இதோடு வருகிறது. திருப்பி அனுப்பினால் கடிதப் போக்குவரத்தே கிடையாது. அந்த அட்டை எனக்கு வராது, தெரியும். பிள்ளையை இன்னொரு ஆறு மாதம் வெறுங்கையோடு விட எனக்கு நெஞ்சில்லை. கட்டில் பாலிசியே போதும். இன்ஹேலரை இரண்டு தடவை இழு என்று டெஸ்ஸாவிடம் சொல்லிவிட்டேன், அதற்காக வாரத்துக்கு நாலு தலை அதிகமாக வெட்டிக்கொள்கிறேன்.

நீ திங்கட்கிழமை சலவை வேலையை விடு. செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்குப் போ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன ஞாயிறு பாஸ்டர் க்ளேட்டன், "வேண்டுதல் யாருக்காவது உண்டா?" என்றார். கை தூக்கினேன். பழக்க தோஷத்தில், "சொல்லாத வேண்டுதல்தான சிஸ்டர் வெர்லீன்?" என்று தலையைக் குனியப் போனார். "இல்ல பாஸ்டர், சொல்ற வேண்டுதல்" என்று எழுந்து நின்றேன். "என் தங்கச்சிக்கு ஒரு நல்லது கெடைச்சுது. அதப் பாத்து ஒரு வருசமா எனக்கு வயிறு எரியுது. எரிச்சல்ல என் புள்ளையப் பணயம் வச்சேன். தங்கச்சிதான் காப்பாத்துனா. இப்ப அவ புள்ளைங்களுக்கு அது போயிருச்சு. அது திரும்பக் கெடைக்கணும். கெடைக்கறப்போ நான் சந்தோசப்படணும். ரெண்டாவதுதான் கஷ்டம், அதுக்கு நல்லா ஜெபம் பண்ணுங்க" என்றேன்.

அத்தான் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பின் வரிசையில் லூட்டி மெதுவாகக் கை தூக்கி, "எனக்கும் அதே வேண்டுதல்தான் பாஸ்டர், என் நாத்தனாரோட புது காருக்கு" என்றாள். அப்புறம் இன்னும் ரெண்டு கை எழுந்தது. எஸ்டில் அண்ணன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை.

அட்டை திரும்ப வந்ததும் எனக்கு எழுது. கோடியின் புதுக் கண்ணாடி, ஷானாவின் காது, எல்லாம் எழுது. அந்த நாற்காலியைப் பற்றிக் கூட எழுதலாம். ஆனால் ஒரு பக்கத்தோடு நிறுத்து. ஒரு பக்கம் வரைக்கும் என்னால் சந்தோஷப்பட முடியும் என்று நினைக்கிறேன்.

உன் அக்கா,
வெர்லீன்